ஒரு வேளைகூட விடாதே

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இன்னமும் பஸ்ஸில் கர்ப்பிணி யாராவது ஏறினால் என் கண் முதலில் அவள் இரண்டு காலுக்கும்தான் போகும். பிரசவ வார்டு பழக்கம் விடவில்லை. அந்த வார்டின் டெட்டால் வாடைகூட இப்போது ஏக்கமாக இருக்கிறது.

சாணார்பட்டிப் பக்கத்துச் சகாயமேரி ஏழாம் மாதத்தில் வந்தாள். இடது கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது.

"சுளுக்கு சிஸ்டர். நாளைக்கு நீவி விட ஆள் வாராக" என்றாள்.

டாப்ளர் ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. நீவினால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம், உயிருக்கே ஆபத்து. ரத்தம் மேலும் உறையாமல் இருக்கத் தினமும் காலை, மாலை வயிற்றில் ஹெப்பாரின் ஊசி என்றார் டாக்டர்.

"வயித்துலயா? புள்ள மேல குத்திராதா?"

அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிக் காட்டினேன். "இந்தச் சதையோட சரி. புள்ள அம்புட்டு உள்ள இருக்கு."

நாலே நாளில் தானே போடக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு செக்கப்பிலும் நான் சொன்னது ஒன்றுதான்: "ஒரு வேளைகூட விடாதே." நான் கண்டிப்பானவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒன்பதாம் மாதம் ஒருநாள் காலை வலியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கடைசி ஊசி எப்போது என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வலியோட வலியாப் போட்டுட்டுத்தான் வாரேன். ஒரு வேளைகூட விடல சிஸ்டர்."

வலி கண்டதும் ஊசியை நிறுத்த வேண்டும். போட்டுவிட்டால் முதுகில் மயக்க ஊசி போட முடியாது, ரத்தப்போக்கும் மிஞ்சிப் போகலாம்.

"நீங்க சொல்லலையா?" என்றார் டாக்டர்.

"சொல்லல டாக்டர்."

ரத்தம் ஏற்பாடு செய்தோம். டியூட்டி முடிந்தும் நான் நகரவில்லை. சாயங்காலம் சுகப்பிரசவம், பெண் குழந்தை. வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போன ரத்தம் ஒருவழியாக நின்றது. டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய் அழுதேன்.

இப்போது வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மருந்தை எப்போது போட வேண்டும் என்பது பாதிதான். எப்போது போடக்கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று, வீட்டிலும் ஆறு வாரம் ஊசி போட வேண்டும் என்று விளக்கினேன். பழக்கதோஷத்தில் "ஒரு வேளைகூட..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

சகாயமேரி குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "எப்ப விடணும்னும் இப்பவே சொல்லிருங்க சிஸ்டர்."