தராசில் ஒட்டிய செதில்

இன்று காலை புதுக்கோட்டை மீன் மார்க்கெட்டில், கடைக்காரரின் எலக்ட்ரானிக் தராசு மேல் ஒற்றைச் செதில் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க அவர் துணியை எடுத்தார்.

என் சின்ன வயதில் ஜெகதாப்பட்டினத்தில் அம்மா மீன் விற்றாள். அப்பா விசைப்படகில் போய்விட்டால் தராசுத் தட்டைக் கழுவ மாட்டாள். அவர் கரையேறி வந்த பிறகுதான் தட்டில் தண்ணீர் படும். அதுவரை செதில்கள் காய்ந்து நாறும், ஈ மொய்க்கும். காரணம் மட்டும் சொன்னதில்லை.

ஒன்பது வயதில் ஒருநாள், அம்மா ஐஸ் வாங்கப் போயிருந்தபோது, புளி போட்டுத் தட்டைப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். மெச்சுவாள் என்று காத்திருந்தேன்.

அம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு கடல் பக்கம் பார்த்தாள்.

"ஏம்புள்ள, ஒங்கப்பா இன்னும் வரலயே."

அடிக்கவில்லை. நான் கழுவிக் கொட்டிய இடத்தில் குந்தி, மண்ணிலிருந்து செதில்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக எச்சில் தொட்டுத் தட்டில் ஒட்டத் தொடங்கினாள். சாயங்காலத்துக்குள் எல்லாப் படகுகளும் வந்தன. அப்பா போன படகு மட்டும் வரவில்லை.

"தொடைக்காதீங்க" என்று நான் வாய் திறப்பதற்குள் கடைக்காரர் துடைத்துவிட்டார்.

"இப்ப சுத்தமா இருக்கு பாருங்கக்கா" என்று சிரித்தார்.

என் மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அவன் கரையேற இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.