வெளிறிய முட்டை போட்ட சாம்பல் கோழி

மாடம்பாக்கத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி ஒன்றில் ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்தேன். சிறுவிடைக் கோழி வளர்ப்பவர்களிடம் முட்டை வாங்கி, இன்குபேட்டரில் வைத்து, குஞ்சாக விற்போம். யார் வீட்டில் எந்தக் கோழியைக் கூட்டத்திலிருந்து கழிக்க வேண்டும் என்று சொல்வதும் என் வேலை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் தவறுகளில் ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "முட்டை வெளுப்பா இருந்தா நாட்டு முட்டையே இல்லங்கறான் கஸ்டமர். இனிமே ப்ரவுன் முட்டை மட்டும்தான் ட்ரேல ஏறணும். வெளுத்த முட்டை போடற கோழிய கழிக்கச் சொல்லுங்க." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெளுத்தால் கலப்பு என்று நானே பலருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்.

பீர்க்கன்கரணையில் ரெஜினா அக்காவிடம் பதினொரு கோழிகள். கணவர் போன பிறகு அந்த முட்டைகளில்தான் அவர் குடும்பம் ஓடியது. அன்று அவர் கூடையில் பாதி முட்டைகள் வெளிறிக் கிடந்தன. வெளிறியவை எல்லாம் ஒரே சாம்பல் கோழி போட்டவை. மற்றக் கோழிகளில் பல அடைக்கு உட்கார்ந்தும் இறகு உதிர்த்தும் முட்டையை நிறுத்திவிட, அது மட்டும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தது.

"இதுல பண்ணை லேயர் கோழி ரத்தம் கலந்திருக்குக்கா. கழிச்சிடுங்க. இல்லன்னா உங்ககிட்ட முட்டை எடுக்க முடியாது."

"இன்னா சார் சொல்றீங்க? எங்க வூட்லயே பொரிஞ்சது. மொதல்ல நல்ல செவப்பாத்தான் போட்டுகினு இருந்துச்சு. போகப் போகத்தான் வெளுத்துச்சு."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. நான் காதில் வாங்கவில்லை. அடுத்த வாரம் போனபோது சாம்பல் கோழி இல்லை.

அதன்பின் கூடையில் மூன்று, இரண்டு என்று முட்டை குறைந்தது. மழை பிடித்ததும் அதுவும் நின்றது. முட்டை தராதவர்களின் பெயரை முதலாளி எடுத்துவிட்டார். ரெஜினா அக்கா மிச்சக் கோழிகளை விற்றுவிட்டு, பெருங்களத்தூரில் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

சில மாதம் கழித்து, ஹேச்சரியிலேயே இருந்த ஒரு கோழியின் முட்டைகளைப் போட்ட வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். முதல் முட்டை நல்ல பழுப்பு. கடைசி முட்டை ஏறக்குறைய வெள்ளை. இடைவெளி விடாமல் போடப் போட ஓட்டின் நிறம் குறைகிறது. அடைகாத்து ஓய்ந்து மறுபடி போட்டபோது பழுப்பு திரும்பியது. நிறத்தைப் பார்த்து நல்ல கோழியைக் கழிக்கச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"தெரியும் சார். நான்தான அத அறுத்தேன். வயித்துல கொத்துக் கொத்தா மஞ்சக்கரு. பெருசு, அதவிட சிறுசு, கடுகாட்டம் சிறுசுன்னு. இன்னும் எத்தினி நாளு போட்டிருக்குமோ. கொழம்பு வெச்சேன். யாரும் துண்ணல."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"அறுத்தப்புறம் சொல்லி இன்னா சார் ஆவப்போவுது?"



ஒரு கோழியைக் கழிக்கச் சொல்வதற்கு முன், அது போட்டு, அடைகாத்து, மறுபடி போடும்வரை ஒரு முழுச் சுற்று காத்திருங்கள். வளர்ப்பவர் சொல்வதைக் கடைசி வார்த்தைவரை கேளுங்கள். அன்று நான் கேட்டிருந்தால் ரெஜினா அக்கா இன்றும் கோழி வளர்த்துக்கொண்டிருப்பார்.