மானுக்குப் பின்னால் வானம்

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமைக் காலை, காட்டுக்கு நடுவே இரண்டு பொலிஸாருக்கு முன்னால் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை. தானாகத் தூக்கிவிட்டேன்.

என் பக்கத்தில் தர்மினி நின்றாள். அவள் கையைத் தூக்கவில்லை. இங்கே ஜேர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள். சீருடையைக் கண்டால் கை மேலே போக வேண்டும் என்று அவளுடைய உடம்புக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அப்போதே உங்களுக்கு எழுதியிருப்பேன். விசாரணை நடக்கும்போது எழுதக் கூடாது என்று இத்தனை வாரமும் அடக்கிக்கொண்டிருந்தேன். போன வாரம் கடிதம் வந்தது. இனி எழுதலாம்.

தர்மினி யார்? கொலோன் நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள். முப்பத்தாறு வயது. காட்டில் மரம் நடும் குழுவில் வேலை. ஐஃபெல் மலைப்பக்கம் வறட்சியாலும் வண்டுகளாலும் ஊசியிலை மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயினவே... அந்த மொட்டைச் சரிவுகளில் ஓக் கன்றுகளை நடுகிறாள். அவள் நட்டுவிட்டு வந்ததும் மான்கள் வந்து குருத்தைக் கடிக்கும். குருத்துப் போன கன்று குட்டையாகவே நிற்கும்.

"நடுறது நான் அக்கா. தின்னுறது அதுகள். அடுத்த வருசம் திரும்ப நடுறதும் நான்தான்" என்பாள்.

ஒருநாள் போய் வேட்டைப் பரீட்சைக்குப் பதிந்துவிட்டாள். இந்த நாட்டில் அது லேசான காரியமில்லை. துவக்குச் சட்டம், அதாவது துப்பாக்கிச் சட்டம் படிக்க வேண்டும், மிருக வைத்தியம் படிக்க வேண்டும், எந்த மானை எந்த மாதத்தில் தொடக் கூடாது என்று மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு குறிபார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும். தர்மினி எல்லாவற்றிலும் பாஸ். அவளுடைய அம்மா மட்டும், எங்கள் ஆட்கள் கூடும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் யாராவது விசாரித்தால், "மகளுக்குக் காட்டில வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சரி, வேட்டை அனுமதிப் பத்திரம் கையில் இருந்தால் போதுமா? சுடுவதற்கு ஓர் இடம் வேண்டாமா? இங்கே ஒவ்வொரு காட்டிலும் வேட்டை உரிமை யாரோ ஒருவரிடம் இருக்கும். சொந்தமாக ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுக்க முடியாதவர்களுக்கு, தர்மினி விண்ணப்பித்த அரசாங்கக் காட்டில் ஒரு குலுக்கல் உண்டு. பெயர் விழுந்தால் ஒரு சரிவு, மூன்று காலை, ஒரு மான். அதுவும் இந்த வருடம் பிறந்த குட்டி, அல்லது இன்னும் குட்டி போடாத இளம் பெண்மான். வேறு எதையும் தொடக் கூடாது.

இரண்டு வருடம் அவள் பெயர் விழவில்லை. போன வருடம் விழுந்தது. முதல் காலை மூடுபனி, எதிரில் இருந்த மரமே தெரியவில்லையாம். இரண்டாம் காலை காற்று மாறி அடித்து இவளுடைய வாசனையை மான்களுக்கு அறிவித்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு காலை.

"நீங்கள் எழுதுறனீங்கள்தானே அக்கா. வந்து பாருங்கோவன்" என்றாள்.

போனேன். நான் மான் இறைச்சி சாப்பிட்டிருக்கிறேன்... ஆனால் அது மானாக இருந்தபோது நேரில் கண்டதில்லை.

சரிவின் அடியில் ஏணி வைத்த மரப் பரண். ஒரு பலகையில் இருவரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். தர்மினி என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"இனிக் கதைக்கக் கூடாது. போனை நிப்பாட்டுங்கோ. இருமல் வந்தாலும் விழுங்குங்கோ."

"தும்மல் வந்தால்?"

"அதையும்தான்."

"நான் ஏதும் கண்டால்?"

"நான் பாத்துக்கொண்டுதான் இருப்பன். நீங்கள் அசையாமல் இருந்தால் போதும்."

வெளிச்சம் மெல்ல வந்தது. முன்னால் அவளுடைய குழு நட்ட ஓக் கன்றுகள். அவற்றுக்கு அப்பால் புல் மேடு. மேட்டு உச்சியில் சிவப்புப் பழம் காய்த்த ஒரு புதர். அதற்கு மேல் வானம். என் கால்கள் விறைத்துவிட்டன. எழுந்து உதறலாம் என்றால்... முடியுமா?

எட்டு மணிக்குச் சற்று முன்னால் மான் வந்தது.

ஒன்றே ஒன்று. மெலிந்த இளம் பெண்மான். தர்மினி தூரக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தாள். கூடக் குட்டி இல்லை. அனுமதித் தாளில் எழுதியிருந்த அதே மான்! அவள் துவக்கை எடுத்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதுபோல இருந்தது. குழல் பரணின் விளிம்பில் வந்து அமர்ந்தது. மான் ஒரு கன்றை முகர்ந்துவிட்டு, மேய்ந்தபடியே மேட்டில் ஏறியது. உச்சிக்குப் போய், விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. அருகில் ஒரு சின்ன 'டிக்'. துவக்கின் பாதுகாப்புப் பூட்டைத் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் கண்டேன். மானுக்குப் பின்னால், புதருக்குப் பக்கத்தில், சிவப்பாக ஏதோ அசைந்தது.

பழமா? காற்று இல்லை. புதர் அசையவில்லை. பழத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒருமுறை மேலே வந்து கீழே போனது. நான் இருபது வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, "தெரிவதைச் சொல்லுங்கள், யோசிக்காதீர்கள்" என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்கிறவள். எனக்குத் தெரிந்தது. நான் யோசித்தேன்.

இருமலையே விழுங்கச் சொன்னாளே... கடைசிக் காலை. மூன்று வருடக் காத்திருப்பு. நான் வாயைத் திறந்தால் மான் ஓடிவிடும். அது வெறும் பழமாக இருந்தால்? என்னால் அல்லவா எல்லாம் கெட்டது என்று ஆகிவிடும்?

நாலைந்து நொடி இருக்கும். என் நாக்கு அசையவில்லை.

தர்மினியின் விரல் விலகியது. மறுபடியும் அந்த 'டிக்'. குழலைக் கீழே சாய்த்தாள். மான் தலையை உயர்த்தி ஒரு துள்ளலில் மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தது. மறுகணம் அது நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்புத் தொப்பி எழுந்தது. தொப்பிக்குக் கீழே ஒரு முகம். கையில் கூடை. காளான் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஜேர்மன்காரர், அறுபதைத் தாண்டியவர், நிமிர்ந்து பார்க்கிறார்... நேர் எதிரே பரணில் துவக்கு.

"சுடாதீர்கள்! ஆள் இருக்கிறேன்!"

அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

தர்மினி குண்டுகளைக் கழற்றிப் பையில் போட்டாள். துவக்கைத் திறந்தபடி தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். நான் பின்னால் போனேன். அவர் இரண்டு அடி பின்வாங்கினார்.

"கிட்டே வராதே! நீ என்னைக் குறிபார்த்தாய். நான் கண்டேன்."

ஜேர்மன் மொழியில் முன்பின் தெரியாதவரை 'நீ' என்பது மரியாதையில்லை. தர்மினி 'நீங்கள்' என்றே பதில் சொன்னாள்.

"உங்களை நான் காணவே இல்லை ஐயா. மானைத்தான் பார்த்தேன். எனக்கு இங்கே சுட அனுமதி இருக்கிறது."

"இந்தக் காட்டில் நடக்க யாருடைய அனுமதியும் எனக்கு வேண்டாம். நாற்பது வருடமாக இந்த மேட்டில் காளான் பொறுக்குகிறேன். உன்னை யார் இங்கே விட்டது?"

பொலிஸுக்குப் போன் பண்ணினார். "வெளிநாட்டுப் பெண்கள் இரண்டு பேர், துவக்கோடு" என்று சொன்னது எங்களுக்கும் கேட்டது.

தர்மினியின் முகத்தில் இரத்தம் இல்லை. தமிழில், மெதுவாகச் சொன்னாள்: "ஒரு முறைப்பாடு போதும் அக்கா. துவக்கு வைச்சிருக்க நம்பிக்கையான ஆள் இல்லை எண்டு எழுதினால் பத்திரத்தையும் எடுப்பினம், துவக்கையும் எடுப்பினம். வேலையிலயும் கதை போகும்."

பொலிஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாக நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவருடைய கூடை ஆடிக்கொண்டே இருந்தது. கோபத்தில் என்று நினைத்தேன்.

ஒரு வயதானவரும் ஓர் இளம்பெண்ணுமாக இரண்டு பொலிஸார் வந்தார்கள். நான் கையைத் தூக்கிய கதையைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "கைகளை இறக்குங்கள், பரவாயில்லை" என்றாள். தர்மினியின் பத்திரங்களை வயர்லெஸ்ஸில் கேட்டுச் சரிபார்த்தார்கள். எல்லாம் சரி. சரிவின் இலக்கமும் சரி, நாளும் சரி. காளான்காரருக்கும் அங்கே நடக்க முழு உரிமை உண்டு என்றார்கள்.

பிறகு வயதான பொலிஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் இவரை எப்போது கண்டீர்கள்?"

தர்மினி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இந்தக் கேள்வி ஒரு பிரச்சினையாகவே படவில்லை. 'துவக்கை இறக்கிய பிறகு' என்று நான் சொல்லப்போகிறேன் என்றுதான் எண்ணியிருப்பாள். அப்படிச் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்: பக்கத்தில் இருந்தவள் கண்ணில் பட்ட ஆள், குறிபார்த்தவள் கண்ணில் படாமல் போவாரா என்று கேட்பார்கள். பத்திரம் போய்விடும். பொய் சொன்னால்? எதிரில் அந்த மனிதர் கூடையோடு நின்றார்.

"இறக்குவதற்கு முன்னால்" என்றேன். "சிவப்பாக ஏதோ அசைந்தது. கண்டேன். சொல்லவில்லை."

தர்மினியின் கண்கள் என்மேல் அப்படியே நின்றன. பொலிஸ்காரர் அவளிடம் கேட்டார்: "நீங்கள் கண்டீர்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் ஏன் சுடவில்லை? எல்லாம் சரியாகத்தானே இருந்தது?"

"மான் உச்சிக்குப் போய்விட்டது" என்றாள் தர்மினி. "அதற்குப் பின்னால் மண் இல்லை. வானம்தான் இருந்தது. தவறினாலும், மானைத் துளைத்துக்கொண்டு போனாலும், குண்டு போய் நிற்க மண் வேண்டும். அங்கே யாரும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தாலும் சுட்டிருக்க மாட்டேன்."

காளான்காரர் ஈரப் புல்லில் மெல்ல உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"சிவப்புத் தொப்பி இதற்காகத்தான் போடுகிறேன்" என்றார். "வேட்டைக்கு வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று." பிறகு என்னைப் பார்த்தார். இப்போது 'நீங்கள்' என்றார். "உங்களுக்குத் தெரிந்தது, இல்லையா?"

"தெரிந்தது" என்றேன்.

அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் முறைப்பாட்டை அவர் திரும்பப் பெறவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனார்.

தர்மினி காரை ஓட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறி வெகுநேரம் கழித்துத்தான் கேட்டாள்.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"நீதானே சத்தம் போடவேண்டாம் எண்டனீ."

"ஓம். சொன்னனான்தான்." கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னாள்: "மனுசரைக் கண்டால் கத்துங்கோ எண்டும் சொல்லியிருக்க வேணும். அது என்ர பிழை. மான் ஓடினால் வேற மான் வரும் அக்கா."

அவள் தன் பிழையைச் சொன்னாள். நான் என் பிழையை அவள் தலையில் அல்லவா போட்டேன்? வீடு வரும்வரை எனக்கு அவள் பக்கம் திரும்ப ஏலவில்லை.

விசாரணைக்காக எங்களிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். என்னுடையதை மூன்று தரம் எழுதினேன். ஜேர்மன் பிழை திருத்திய என் மகள் கடைசிப் பந்தியில் நின்றாள். "நீங்கள் முதலே கண்டதைத் திரும்பவும் ஏன் அம்மா எழுதுறீங்கள்? அதைத்தான் பொலிஸ் எழுதிட்டினமே." எழுதத்தான் வேண்டும் என்றேன். அனுப்பிய பிறகு வந்த வாரங்களில் கடைக்குள் போன் அடித்தாலே எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் எடுத்தேன். தர்மினியின் துவக்கு பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. அவள் வழக்கம்போல வேலைக்குப் போய்க் கன்று நட்டாள்.

அந்த வாரங்களில் நான் ஒன்றை யோசித்தேன். இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் படித்த முதல் பாடம் எது? மொழியா? இல்லை... சத்தம் போடாமல் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்காதே. மாடிப்படியில் உரக்கக் கதைக்காதே. அலுவலகத்தில் உன் முறை வரும்வரை வாயைத் திறக்காதே. அந்தப் பாடத்தில் எங்களை மிஞ்ச ஆளில்லை. நல்ல பிள்ளைகள் என்று பெயரும் வாங்கிவிட்டோம். எப்போது சத்தம் போட வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போன வாரம் தர்மினி கடைக்கே வந்துவிட்டாள். கையில் கடிதம். "ஒண்டும் இல்லையாம் அக்கா!" பொருட்கள் அடுக்கும் அறைக்குள் போய் இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். அடுத்த குலுக்கலுக்கும் எழுதிப் போட்டுவிட்டாளாம்.

கடிதத்தை நானும் வாங்கி வாசித்தேன். வேட்டைக்கு வந்தவர் விதிப்படியே நடந்திருக்கிறார். காளான் பொறுக்கியவர் தமது உரிமைக்குள்ளேயே இருந்திருக்கிறார். எவர் மீதும் தவறில்லை. தர்மினியின் இடத்தில் ஓர் அவசரக்காரர் இருந்திருந்தால், அந்த மனிதர் தமது முழு உரிமையோடும் செத்திருப்பார்.

கண்டும் வாய் திறக்காதவளைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை.