இருதயப் பிரட்டலுக்கு ஏற்ற பானம் தேடிய தனபாக்கியம் அக்கா

காலை ஏழு மணிக்குக் குமரேசன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அம்மா போயிட்டாங்க. பாத்ரூம்ல விழுந்து கெடந்தாங்க" என்றான். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. அவன் நாக்கு குழறுகிறதா என்றுதான் என் காது முதலில் கவனித்தது. குழறவில்லை. அதன் பிறகே துக்கம் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் தனபாக்கியம் அக்காவும் என் இடத்தில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கவனித்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா மலேசியாவில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மரம் சீவியவர். நான் அதே தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸராக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதும் என் வேலை. தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்க்கப்பட்ட பிறகு இருவர் குடும்பமும் ஈப்போவில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம். அவர் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. அவர் மகன் குமரேசனைப் பிறந்த நாளிலிருந்து அறிவேன். அதனால்தான் அவனை 'அவன்' என்றே எழுதுகிறேன்.

தோட்டத்தில் அக்காவின் கைப்பக்குவம் பேர்போனது. அதிலும் ஆட்டு இருதயப் பிரட்டல். இருதயத்தைப் பிளந்து, வெள்ளைக் கொழுப்பையும் நரம்பையும் எடுத்து, உறைந்த இரத்தம் போக மஞ்சள் தண்ணீரில் அலசி, மெல்லிசாக அரிந்து, மிளகும் சோம்பும் காய்ந்த மிளகாயும் போட்டுச் சுருளச் சுருளப் பிரட்டுவார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் கணவர் முனியாண்டி அண்ணன் அதைத் தட்டில் வைத்துக்கொண்டு சம்சு குடிப்பார். சம்சு என்பது எங்கள் தோட்டங்களைத் தின்ற மலிவுச் சாராயம்.

அண்ணன் இரத்த வாந்தி எடுத்த நாளில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். என் பெட்டியில் அதற்கு மருந்து இல்லை. பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: "அவரு கேட்டாருன்னு உப்பும் மொளகும் கூடப் போட்டேன் தம்பி. கறி தண்ணி கேட்டுச்சு, அவரு குடிச்சாரு." நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். குடிப்பவனுக்குக் கறி ஒரு சாக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாததால் பேசாமல் இருந்தேன்.

ஈப்போவில் குமரேசன் லாரி வேலைக்குப் போனான். கல்யாணம் செய்தான், மனைவி பிரிந்து போனாள், தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் வருவான். அவனுக்கும் அதே இருதயப் பிரட்டல்தான் வேண்டும். கையில் அதே சம்சு இருக்கும்.

"சமைக்கலன்னா வரமாட்டான்" என்றார் அக்கா. "வேற எங்கயாச்சும் ஒக்காந்து குடிப்பான். இங்க வந்தா என் கண்ணு முன்னாடி இருப்பான். கறி இருக்கட்டும். அதோட குடிக்கிறத மாத்திப்புடணும்."

அதற்காக என்னைக் கூப்பிட்டார். "டிரெஸ்ஸர் தம்பி, எனக்கு எழுதத் தெரியாது. நான் செய்யிறேன். நீங்க தின்னு பாத்து எது சேருது, எது சேரலன்னு எழுதுங்க."

"என் நாக்க நம்ப முடியாது அக்கா" என்றேன்.

"நாக்கு எப்புடியோ இருக்கட்டும். உள்ளத எழுதுங்க, போதும்."

ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, கறியில் என்ன சேர்த்தது, கூட என்ன குடித்தது, குமரேசன் என்ன சொன்னான் என்று எழுதத் தொடங்கினேன். முதலில் அக்கா உப்பையும் மிளகையும் குறைத்தார். இருதயத்தில் இருக்கும் இரும்பு வாடை மேலே வந்துவிட்டது. புளி சேர்த்தார், அடங்கவில்லை. செராய் என்னும் எலுமிச்சைப்புல் தண்டைத் தட்டிப் போட்டபோது வாசம் நன்றாக இருந்தது, ஆனால் அது வேறு ஏதோ கறியாகிவிட்டது. பக்கத்துத் தம்புன் ஊர்ப் பம்பளிமாஸ் சுளைகளை உதிர்த்து, அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் கலந்ததுதான் சரியாக வந்தது. அந்தப் புளிப்பும் இலேசான கசப்பும் இரும்பு வாடையை எடுத்துவிட்டன. இருதயம் ஈரல் போல வாயில் கரையாது, கடித்து மெல்ல வேண்டும். மெல்ல மெல்லச் சுளைச் சாறு ஊறி வந்தது. அன்று மட்டும் நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பானம்தான் பிடிபடவில்லை. பார்லித் தண்ணீர் வைத்தார்.

"அம்மா, இது காய்ச்சக்காரனுக்குக் குடுக்கறதுலா" என்றான் குமரேசன்.

மறு வாரம் மோர் வைத்தார். "என்னாம்மா, திருவிழாத் தண்ணிப் பந்தலா வச்சிருக்கீங்க?"

"குடிச்சுட்டுப் பேசுடா, வாயாடி."

"மாமா, நீங்களாவது சொல்லுங்க. கறியும் மோரும் சேருமா?"

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு "சேராது" என்றேன். அக்கா என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். அசாம் போய் என்னும் உப்பிட்டுக் காயவைத்த பழம் போட்ட எலுமிச்சைச் சாறு, சோடா, பால் இல்லாத கோப்பி என்று அந்த ஆண்டு முழுதும் போயிற்று. குமரேசன் ஒவ்வொன்றையும் ஒரு வாய் குடித்துக் கேலி செய்வான். பிறகு பையிலிருந்து போத்தலை எடுப்பான். ஆனால் ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை.

கடைசியில் அக்காவே யோசித்துக் கண்டுபிடித்தார். "இனிப்பு வேலைக்காவாது தம்பி. அவனுக்குக் கசக்கணும், தொண்டையில சுருக்குன்னு புடிக்கணும்." தேயிலையைக் கடுமையாகக் கொதிக்க வைத்து, இஞ்சி தட்டி, பம்பளிமாஸ் தோலை ஒரு கீற்றுப் போட்டு, சீனி இல்லாமல் ஆற வைத்தார். நான் குடித்துப் பார்த்தேன். பிரட்டலுக்கு அது பொருந்தியது என்றே இன்றும் நினைக்கிறேன். குமரேசன் ஒரு குடுவை நிறைய வாங்கிக்கொண்டு, "கீழ காத்தாட ஒக்காந்து குடிக்கிறேன்" என்று தட்டோடு இறங்கிப் போனான்.

சற்று நேரம் கழித்து நானும் கீழே போனேன். படிக்கட்டுக்குப் பின்னால் நின்று அவன் குடுவையில் சம்சுவை ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஓசைப்படாமல் மேலே வந்துவிட்டேன்.

"குடிச்சானா?" என்றார் அக்கா.

"குடிச்சான் அக்கா. முழுசா."

"சேந்துச்சாமா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். "சேந்துச்சு" என்றேன். நோட்டிலும் 'பொருந்துகிறது' என்று எழுதினேன். அக்கா முனியாண்டி அண்ணனின் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இனிப் புதிதாக எதுவும் தேட வேண்டாம் என்றார். அதன்பின் இரண்டு ஆண்டுகள், ஞாயிறுதோறும் அதே பிரட்டல், அதே தேயிலை. அவனும் குடுவையை வாங்கிக்கொண்டு கீழே போவான். கேலி பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான். அக்கா அதை நல்ல அறிகுறி என்று எண்ணினார்.

பதினாறாம் நாள் காரியத்தில் படையலுக்குப் பிரட்டலை உறவுக்காரப் பெண்கள் செய்தார்கள். தேயிலையைக் குமரேசனே கொதிக்க வைத்தான். கும்பிட்டு முடிந்து, மற்றவர்கள் சாப்பிட இறங்கிய பின் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"குமரேசா, மொத நாளு நீ குடுவையில ஊத்துனத நான் பாத்தேன்."

"தெரியும் மாமா. நீங்க படியேறுனதப் பாத்தேன்." படையல் இலையை நேராக்கி வைத்தான். "அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"அவங்க மனசு ஒடஞ்சுடுமேன்னு…"

"சொல்லியிருந்தா வேற ஒண்ணு தேடியிருப்பாங்கல்ல மாமா. அடுத்த வாரம் என்னா கொண்டாருவாங்கன்னு பாக்கத்தான் நான் வந்துகிட்டு இருந்தேன். நீங்க அத நிறுத்திட்டீங்க."

ஊற்றியவன் அவன்தான் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் உள்ளதை எழுதச் சொல்லி அக்கா கேட்டது என்னிடம்.

அவன் இலையிலிருந்து ஒரு துண்டு இருதயத்தை எடுத்து மென்றான். வேறெதுவும் கலக்காத அந்தத் தேயிலையை முதன்முறையாக ஒரு மடக்குக் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். "சேரல மாமா. எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

"வர்ற ஞாயித்துக்கெழம வா" என்றேன். "வேற ஏதாச்சும் செஞ்சு பாப்போம்."

"நீங்களா? அடுப்புப் பத்த வைக்கத் தெரியுமா ஒங்களுக்கு?" என்று சிரித்தபடி படியிறங்கினான். கீழே உறவுக்கார ஆண்கள் அவனைப் பேர் சொல்லி அழைத்தார்கள். போத்தல்கள் உரசும் ஓசை கேட்டது.

அக்கா, அந்த 'பொருந்துகிறது' என்ற சொல்லை இன்று அடித்துவிட்டேன். பக்கத்தில் 'பொருந்தவில்லை' என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. உங்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன, தேடியிருப்பீர்கள். என்னை மன்னித்து, போய் வாருங்கள்.