தூக்குக் கயிறு கேட்டு நான் செய்த செபம்

கிறிஸ்துவில் என் அன்புக்குரியவர்களே, எங்கள் வீட்டில் விழுந்த இடியையும், அதற்குள்ளும் ஆண்டவர் என்னைக் கைவிடாததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் வால்பாறையில் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன். பீளமேட்டில் என்னைக் கல்லூரியில் சேர்த்துப் படிக்க வைத்தது, அங்கே மில்லில் வேலை செய்த என் கூடப்பிறந்த ரோஸி அக்கா. அவள் கணவர் ஷிப்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அவளையும் மூன்று வயதுப் பாப்பாவையும் நகைக்காக ஒருவன் கொன்றுவிட்டான். பக்கத்து வீட்டுக்காரன். பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சியவன்.

செஷன்ஸ் கோர்ட் அவனுக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. அன்று நான் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும் என்றார்கள். நேராகப் பங்குச் சாமியாரிடம் போனேன்.

"ஃபாதர், அவனுக்குத் தூக்கு உறுதியாகோணும். அந்தக் கருத்துக்கு ஒரு பூசை வெக்கோணுங்க."

"மரண தண்டனைய திருச்சபை ஏத்துக்கறதில்லைங்க தம்பி. எத்தன பெரிய பாவம் செஞ்சாலும் மனுசனோட மாண்பு போயிடாது. வெளிய உடாம உள்ளயே வெச்சுக்கட்டும். உசுர எடுக்கறதுக்கு நான் பூசை வெக்கமாட்டேன்."

"எங்க பாப்பாவுக்கு மாண்பு இல்லீங்களா?"

எழுந்து வந்துவிட்டேன். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். செபத்தை நிறுத்தவில்லை. ஒரே செபம்தான். அவன் சாக வேண்டும். சோறு இறங்கவில்லை. வேலை ஓடவில்லை.

அம்மா வேறு மாதிரி. "அவனத் தொங்கவுட்டுப்போட்டா, செஞ்சதுக்கு அழுகறது யாரு கண்ணு? உசுரோட கெடந்து அழுகட்டும்."

"நீயெல்லாம் பெத்தவளா?"

"பெத்ததாலதான்டா சொல்றேன்."

இறந்தவர்களுக்காக வேண்டும் கல்லறைத் திருநாள் வந்தது. அம்மாவுக்குத் துணையாகப் போனேன். திருப்பலிக்கு அவள் மூன்று பெயர்களைச் சொல்லியிருந்தாள். அக்கா, பாப்பா, அவன். அவன் மனந்திரும்ப வேண்டுமாம். பூசையில் பெயர்களை வாசிக்கும் உபதேசியார் ஊருக்குப் புதியவர். மூவரையும் இறந்தவர்கள் என்று நினைத்து, ஆன்மா இளைப்பாற்றி அடையும்படி மைக்கில் வாசித்துவிட்டார்.

அம்மா அவன் பெயரைக் கொடுத்தது எனக்கு அப்போது தெரியாது; அவன் ஜெயிலிலேயே செத்துவிட்டான் என்று நினைத்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. துள்ளியிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. அக்கா வரவில்லை. பாப்பா வரவில்லை. வெறும் கையோடு நிற்பது போல இருந்தது.

அம்மா எழுந்துவிட்டாள். "ஏனுங்க உபதேசியாரே! அவன் உசுரோட இருக்கறானுங்க! நீங்க சாகடிச்சுப்போடாதீங்க!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் அழுவதைப் பார்த்து அடங்கினார்கள். நான் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, மன்னிக்க என்னால் ஆகாது. இந்த வெறியை மட்டும் எடுத்துவிடும்" என்றேன். அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கசந்தது. இன்றும் கசக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் எவன் சாவையும் கேட்டு இனி நான் கை கூப்புவதில்லை. அந்த மட்டுக்கும் என்னை விடுவித்த ஆண்டவருக்கு நன்றி.

உங்கள் வீட்டிலும் இரத்தம் சிந்தியிருந்தால், நல்ல மனது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கசப்போடே அவரிடம் போங்கள். இப்போது தினமும் செபமாலையின் முடிவில் அம்மா அவனுக்காக வேண்டுகிறாள். எனக்கு அந்த இடத்தில் வாய் வருவதில்லை. எழுந்து போகாமல் பக்கத்தில் இருக்கிறேன். இதையும் செபமாக அவர் ஏற்றுக்கொள்கிறார்.