அனிமே நாயகன் மாதிரி மறைத்தேன்

முதலில் ஷூ இறுகியது. மறைமலைநகரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். காலையில் சரியாக இருந்த ஷூ, ஷிப்ட் முடியும்போது கழன்று வர மறுத்தது. சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும், நிரம்ப நேரமாகும். நாள் முழுக்க நிற்கிற வேலை, அதனால்தான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

பிறகு சிறுநீரில் நுரை. பிறகு பின்மண்டையில் தலைவலி. அதற்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

தொழிற்சாலையில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் உடல் பரிசோதனையில் விஷயம் வெளியே வந்தது. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, அது ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் திணறுகிறது என்று பொருள்) இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கு. ரத்த அழுத்தமும் தாறுமாறு. ‘உடனே சிறுநீரக மருத்துவரைப் பார்க்கவும்’ என்று எழுதி, ‘உடனே’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள். அந்தத் தாளை நாலாக மடித்து, லாக்கரில் கையுறைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எல்லோரும் கேட்டார்கள். வெட்கத்தை விட்டு இங்கே எழுதுகிறேன். அனிமே பார்த்துக் கெட்டேன்.

ஜப்பானிய அனிமே தொடர்களில் காதலும் சோகமும் கலந்த வகைதான் என் உயிர். மாமல்லபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக மூன்று பாகம், வர மூன்று பாகம். பக்கத்து சீட் டில்லிபாபு எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான். “முப்பது வயசாவுது, இன்னும் பொம்மைப் படம் பாத்துகினு கீற. இன்னா மச்சான் கீது அதுல?” என்பான். என்ன இருக்கிறது என்று கேட்டால் மறைமலைநகர் வரும்வரை பேசுவேன். காதலைச் சொல்ல பதினோரு பாகம் எடுத்துக்கொள்ளும் பயந்தாங்கொள்ளிகளை எனக்குப் பிடிக்கும். திருவிழா, வாணவேடிக்கை, அந்தச் சத்தத்தில் அவள் சொன்னது அவனுக்குக் கேட்காமல் போவது, இதெல்லாம் நூறு முறை பார்த்ததுதான். நூற்றியோராவது முறையும் அழுவேன்.

என் மனைவி ஜெனியை அறிந்ததே இதனால்தான். தமிழில் அனிமே பேசுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருந்தோம். ஒருவகைக் கதை உண்டு: தனக்குத் தீராத நோய் என்று நாயகனுக்குத் தெரியும். காதலியிடம் சொல்லமாட்டான். அவள் தன்னை மறக்க வேண்டும் என்று கடுமையாகப் பேசி விரட்டுவான். கடைசியில் கல்லறை முன்னால் அவள் உண்மையைத் தெரிந்துகொள்வாள். இதுதான் காதலின் உச்சம் என்று குழுவில் ஒரு பக்கம் எழுதினேன். ஜெனி பதிலுக்கு இரண்டு வரி போட்டாள்: “அவன் திருடன். அவளுக்குச் சேர வேண்டிய சேதியத் திருடி வச்சிகினான்.” மூன்று நாள் சண்டை போட்டோம். அவள் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் வரவேற்பில் வேலை செய்வது அப்புறம்தான் தெரிந்தது. சண்டை டீக்கடைக்கு வந்தது. அவர்கள் வீடு கிறிஸ்தவம், எங்கள் வீடு இந்து. இரண்டு வீடும் கொஞ்ச நாள் முறைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டார்கள்.

அந்தத் தாள் கைக்கு வந்த அன்று, பஸ் ஜன்னலில் என் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் ஒரு இனிப்பும் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். நானும் அப்படி ஒருவனாகிவிட்டேன். பின்னணியில் பியானோ கேட்காத குறைதான்.

நான்கு மாதம் நடித்தேன். சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் என்று செல்போன் விளம்பரத்தில் சொன்ன பொடியை வாங்கி வெந்நீரில் குடித்தேன். தலைவலி மாத்திரையையும் விடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று ஜெனி கேட்டால் கேன்டீனில் சாப்பிட்டேன் என்றேன். நாயகன்போலக் கடுமையாகப் பேசவும் பழகினேன். ஒருநாள் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

“வேற யாராச்சும் கீறாங்களா? சொல்லிடு பிரபு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. தொடரில் இந்த மௌனம் வந்தால் பின்னால் ஓட்டி இன்னொரு முறை பார்ப்பேன். எங்கள் சமையலறையில் அவள் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அந்தக் கல்லையே திரும்பவும் தேய்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூச்சு நின்றுபோகும்போல ஆனது. படுக்க முடியவில்லை, படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் சலசலத்தது. வாந்தி. ஜெனி தேவாலயத்துக்குக் கிளம்பிய புடவையோடு என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுச் செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். கழுத்தில் கதீட்டர் (ரத்தம் எடுக்க ரத்தக்குழாயில் செருகும் மென்குழாய்) போட்டு டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் வடிகட்டித் திருப்பி அனுப்புவது) தொடங்கினார்கள். மறுநாள் சிறுநீரக மருத்துவர் வந்தார். நிதானமான பெண்மணி.

“இதுக்கு முன்னாடி எப்பவாவது டெஸ்ட் எடுத்தீங்களா?”

சொன்னேன். ஜெனி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

“நாலு மாசம் முன்னாடியா? அப்பவே வந்திருந்தா பிபியைக் கட்டுப்படுத்தி, வலி மாத்திரையை நிறுத்தி, இந்தக் கிட்னியை இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டியிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா வாய்ப்பு இருந்தது.”

ஜெனி வெளியே போனாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து படிவங்களில் கையெழுத்துப் போட்டாள். இரண்டு நாள் “தண்ணி குடிக்காத” என்பதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த இரண்டு நாளில் செத்துப்போகலாம் என்று நினைத்தேன். நோயை நினைத்து வந்த எண்ணம் இல்லை. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இடது கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைப்பது, ஊசி குத்தத் தோதாக ரத்தக்குழாய் பருக்கும்) வைத்தார்கள். டெக்னீஷியன் வலிக்காமல் குத்தப் பேச்சுக் கொடுப்பார். “நெம்மேலில கடல் தண்ணில உப்ப எடுத்துட்டு குடிக்க அனுப்புறான் பாரு, அதே வேலதான் அண்ணாத்த இங்கயும். ஆட்டாத, அப்டியே வச்சிரு.” நான்கு மணி நேரத்தில் பத்து பாகம் பார்க்கலாம். ஒரு கை கட்டுண்டு கிடக்க, மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு பழைய தொடர்களை எல்லாம் திரும்பப் பார்த்தேன். ஒன்றொன்றாகக் கழன்று விழுந்தன.

நோயாளி நாயகிகளைப் பாருங்கள். ஜன்னலோரக் கட்டில், மடியில் புத்தகம், பூவிதழ் ஒன்று பறந்து வந்து போர்வையில் விழும். ஒருத்திக்காவது அரிப்பு வந்து முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டதுண்டா? வாயில் இரும்புச் சுவை? ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டுவிட்டு, அது இன்றைய தண்ணீர்க் கணக்கில் எவ்வளவு என்று குற்றவுணர்ச்சிப்பட்டதுண்டா? காதலன் வரும்போது வாந்தித் தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளியதுண்டா? நோய் அவர்களுடைய கண்களைப் பெரிதாக்குகிறது, என் கண்களுக்குக் கீழே பை தொங்குகிறது. இந்தக் கதைகளை எழுதியவர்கள் மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவற்றை நம்பியது நான் என்பதால் வந்த கோபம் அது.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். தமிழில் குரல் மாற்றி வருவதை நான் மதித்ததே இல்லை. ஜப்பானியக் குரலில், கீழே மொழிபெயர்ப்பு எழுத்து ஓடப் பார்ப்பவன்தான் ரசிகன் என்று குழுவில் எத்தனை பேரை மட்டம் தட்டியிருக்கிறேன். டயாலிசிஸின் மூன்றாவது மணியில் ரத்த அழுத்தம் இறங்கும்போது கீழே ஓடும் எழுத்து இரண்டாகத் தெரியும். இப்போது தமிழில்தான் கேட்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றுமே நடக்காத கதை என்று முன்பு பாதியில் விட்ட ஒரு தொடரை முழுதாகப் பார்த்தேன். கல்யாணமான இருவர் காய் நறுக்கிக்கொண்டே அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்துத் தேம்பினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார் மருத்துவர். என் பெற்றோர் இருவருமே சர்க்கரை நோயாளிகள், அவர்களுடையது ஆகாது. ஜெனி என்னைக் கேட்காமலே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ஓ பாசிடிவ். பொருந்தும்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. மருத்துவரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். “அவங்க கிட்னி வேணாம் டாக்டர். பொருந்தலன்னு சொல்லிடுங்க,” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நான் பொய் சொல்ல மாட்டேன். வேணாம்னா நீங்களே உங்க மனைவிகிட்ட சொல்லுங்க.”

திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பும் பஸ்ஸில் சொன்னேன். ஜெனி ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

“வூட்ல ரெண்டு பேரு கீறோம். முடிவ மட்டும் நீ ஒருத்தனே எழுதிகினு கீற,” என்றாள். “எனக்குப் பயமாதான் கீது பிரபு. கத்தி வைப்பாங்கன்னா பயம் இருக்காதா? அந்தப் பயத்தையாச்சும் என்னைப் படவுடு.”

“இனிமே எல்லாத்தையும் சொல்றேன்.”

“அன்னன்னிக்கு சொல்லணும். நாலு மாசம் கழிச்சி இல்ல.”

பயத்தைச் சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள். எனக்கு அதற்குப் பிறகுதான் ஆசை வந்தது. எவ்வளவு ஆசை என்று எழுதக் கூசுகிறது. என் மனைவியின் உடம்பில் இருக்கும் ஒன்றை நான் பசித்தவன்போல விரும்பினேன். ஒரு சொம்பு தண்ணீரை நிறுத்தாமல் குடிப்பதை நினைத்துக்கொண்டே சாய்ந்திருப்பேன். வேலைக்குத் திரும்புவது, ஒரு குழந்தை, எல்லாம் அவளுடைய பரிசோதனை முடிவுகளில் தொங்கின. ஒவ்வொன்றாக நல்லபடியாக வந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸின் மூன்றாவது மணி. உறவினர்களை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜெனி நின்றாள். டெக்னீஷியனிடம் என்னமோ சொன்னாள், அவர் வழிவிட்டார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு என் படுக்கையருகே வந்தாள்.

“எனக்கு சுகர் கீதாம். குளுக்கோஸ் குடுத்து ரெண்டு வாட்டி பாத்துட்டாங்க. என்னுத எடுக்க மாட்டாங்களாம், எடுத்தா பின்னாடி எனக்கே கிட்னி போயிடும்னு சொல்றாங்க,” என்றாள். “இப்பதான் சொன்னாங்க. அஞ்சு நிமிசம் கூட ஆவல. நேரா வந்துட்டேன்.”

நான் எழுந்திருக்கப் பார்த்ததில் கை மடங்கி இயந்திரம் அலறியது. டெக்னீஷியன் ஓடிவந்து கையை நிமிர்த்திப் பிடித்தார். இருவரும் வாய்விட்டு அழுதோம். அந்த அறையில் படுத்திருந்த எல்லோரும் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். என் வாழ்க்கையில் இதைவிட மோசமான செய்தி வந்ததில்லை. அதை ஐந்து நிமிடம்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அவள் என்னிடம் கொண்டுவந்தாள். நான் நான்கு மாதம் செய்தது என்ன என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் என் பெயர் ஏறியிருக்கிறது. எப்போது அழைப்பு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வராமலும் போகலாம். தொடர்களில் கடைசிக் காட்சிக்கு முன் கறுப்புத் திரையில் ‘இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று ஒரு வரி வரும். அடுத்த நொடி எல்லோரும் வெயிலில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வரியை நான் மன்னிப்பதாக இல்லை. நாங்கள் அதற்குள்தான் குடியிருக்கிறோம், திங்களுக்குப் பிறகு செவ்வாய் என்று.

இதைப் படிக்கும் உங்கள் லாக்கரிலோ பீரோவிலோ அப்படி ஒரு தாள் இருந்தால் இன்றைக்கே எடுத்து வீட்டில் காட்டுங்கள். இதைத் தவிர உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எனக்கே தைரியம் இல்லை, உங்களுக்கு எங்கிருந்து தருவேன்.

காலையில் எடை பார்க்கிறேன். உலர் எடையைவிட (கூடுதல் நீர் இல்லாத உடம்பின் எடை) எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஜெனியிடம் சொல்கிறேன். அவள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து என்னிடம் சொல்கிறாள். எனக்குச் சிறுநீர் குறைந்துகொண்டே வருகிறது. ஒருநாள் அறவே நின்றுவிடும் என்றும், அதன் பிறகு நாளொன்றுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் என்றும் மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார்.

இன்று காலை வரவில்லை. கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன், ஒரு சொட்டும் இல்லை. குளியலறையில் இருந்தபடியே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

ஜெனி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுக் குளியலறை வாசலுக்கு வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“சரி,” என்றாள். “எனக்கு இன்னிக்கு நூத்தி நாப்பது.”