புதுசைக் கொடுத்துடுங்க

செயற்கைப் பல் செய்யும் அந்தக் கூடத்தில் எல்லோரும் அவரைத் 'தடிக்கம்பி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் என்னவோ ஒல்லி. பெயர் வந்தது அவர் வீட்டில் வைத்திருந்த பேஸ் கிட்டார்களால். சாதாரண கிட்டாருக்கு ஆறு மெல்லிய கம்பிகள். பேஸுக்கு நாலே நாலு, அதுவும் கொடிக்கயிறு மாதிரி. பாட்டில் அது ஒலிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள், நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரியும். இதை அவர் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் விளக்கப்போக, மெழுகு அச்சு எடுக்கிறவர், "அப்ப எங்க வீட்ல நான் மாதிரின்னு சொல்லுங்க" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதற்கப்புறம் அவர் அங்கே கிட்டாரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கூடத்தில் அவருக்கு நிறம் சேர்க்கிற வேலை. ஒருவருக்கு முன்பல் ஒன்று போய்விட்டால், அதற்குப் பதில் வைக்கிற பீங்கான் பல் வெள்ளைவெளேர் என்று இருக்கக் கூடாது. பக்கத்துப் பல்லுக்குக் காப்பியும் சிகரெட்டும் வருஷக்கணக்கில் கொடுத்த மஞ்சளை இதற்கு ஒரு மதியத்தில் கொடுத்தாக வேண்டும். விளிம்பில் லேசாகத் தேய்மானம், நடுவில் மயிரிழை போல ஒரு கோடு. சுருக்கமாகச் சொன்னால், புதுசைப் பழசாக்குவது.

வீட்டிலும் அதே பைத்தியம்தான். அவர் சேர்த்து வைத்திருந்தது மூன்று ஜோடி பேஸ்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அறுபதுகளில் செய்த அசல். மற்றது, அதே கம்பெனி வெகுகாலம் கழித்து, அதே மரம், அதே அளவு, அதே திருகு என்று மறுபடி செய்து விற்ற மறுபதிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கழுத்தின் பருமனை விரலால் அளந்து, பின்பக்கத்துத் தகட்டைக் கழற்றி, எங்கே காப்பி அடித்திருக்கிறான், எங்கே கோட்டை விட்டிருக்கிறான் என்று பார்ப்பதில்தான் அவருக்கு ருசி.

அவற்றில் ஒரு ஜோடி தனி. அதன் அசலை, ஊரை விட்டுப் போன ஓர் ஓட்டல் வாத்தியக்காரரிடமிருந்து இளவயதில் வாங்கியிருந்தார். வாங்கும்போது அதில் இருந்த கம்பிகள்தான் அப்போதும். அவர் மாற்றியதே இல்லை. தட்டையான எஃகு நாடாவைச் சுற்றிச் செய்த கம்பிகள். பல வருஷத்து விரல் எண்ணெயும் வியர்வையும் ஏறி அவற்றின் கிணுகிணுப்பெல்லாம் செத்துப்போய், தட்டினால் 'தும்' என்று ஈரமண்ணில் எதையோ இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தத் 'தும்'முக்காகத்தான் அவர் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகை, ஆனால் ரொம்ப மிகை இல்லை. மறுபதிப்பை வாங்கியதும் அதிலும் அதே வகைக் கம்பிகளைப் போட்டார். அவை பழசாகட்டும் என்று தினமும் வாசித்தார். புதுசின் சத்தம் பழசின் சத்தத்துக்கு என்றாவது ஒருநாள் வந்து சேர வேண்டும். அதுதான் கணக்கு.

வந்து சேர்ந்ததா இல்லையா என்பதைச் சொல்ல அக்கா இருந்தாள். அவருக்குக் கல்யாணம் இரண்டு தடவை வாசல் வரை வந்து திரும்பிப் போனது. அக்காவுக்கு நடந்து, கணவர் இறந்து, அவள் தம்பியோடு வந்து சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து துணி மடிப்பாள். அவர் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரே வரியை இரண்டிலும் வாசிப்பார்.

"எது பழசு?"

"ரெண்டாவது."

"புதுசு வந்துடுச்சா?"

"இன்னும் வரல. போடா, போய்க் குளி."

அடுப்பில் வைத்த சோற்றைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான் இருக்கும். இதை அவர் தனியாகச் செய்துகொள்ள முடியாது. கழுத்தைப் பிடித்த உடனே எது எது என்று கைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் காது, கை சொன்னதைத்தான் கேட்கும். பதிவு செய்தும் கேட்டுப் பார்த்தார். தன் விரல் தயங்கிய இடத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் தெரியாதவராக இருக்க வேண்டும்.

போன வருஷம் அக்கா தடுமாற ஆரம்பித்தாள். "ரெண்டும் ஒண்ணாட்டம்தான்டா இருக்கு" என்றாள் ஒரு வாரம். அடுத்த வாரம் புதுசைப் பழசு என்றாள். வந்துவிட்டது என்று நினைத்தார். ஆனால் அந்த மாதமே காது டாக்டர் அவளைச் சோதித்துவிட்டு, கீழ் ஸ்தாயிகளில் காது மந்தமாகிவிட்டது என்றார். ஆக, வந்தது கிட்டாரா, போனது காதா என்று தெரியாமலே போயிற்று. கொஞ்ச நாளில் அவளுடைய மகனுக்குக் குழந்தை பிறந்தது. மருமகள் வேலைக்குப் போக வேண்டும். அக்கா பெட்டியைக் கட்டினாள்.

முதல் ஞாயிறு அவர் ஃபோனை எதிரில் சாய்த்து வைத்து வாசித்துக் காட்டினார்.

"கேக்குதாக்கா?"

"கதவை யாரோ தட்டுறாங்க பாரு. போய்த் திற."

"அது நான்தான்க்கா. வாசிக்கிறேன்."

"அப்படியா? டொக்கு டொக்குன்னுதான் விழுது. உன் வாத்தியம் ஃபோன்ல ஏறாதுடா தம்பி. சாப்பிட்டியா?"

அதற்கப்புறம் மறுபதிப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடத் தீர்மானித்தார். கேட்க ஆளில்லாத வீட்டில் ஜோடி எதற்கு? இரண்டு போய்விட்டன. மூன்றாவதை, அதாவது அந்தத் தனி ஜோடியின் புதுசை, ஓட்டல் ஒன்றில் பேஸ் வாசிக்கிற ஒரு பெண் ஃபோனிலேயே பேசி முடித்தாள். அவளுடைய பேண்டு வண்டி டிரைவர் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

டிரைவர் வருகிற நாளில் கூடத்தில் அவசரமாக ஒரு பல் வரிசை முடிக்க வேண்டியிருந்தது. கீழ்வீட்டு நர்ஸிடம் சாவியைக் கொடுத்தார். நர்ஸ் நல்ல பெண். அவர் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவள்.

"சோபாவுல ரெண்டு சாத்தி வெச்சிருக்கேன்மா. புதுசைக் கொடுத்துடுங்க. பழசை மட்டும் தொட வேண்டாம்."

"கவலைப்படாதீங்கண்ணா. பழசு எது புதுசு எதுன்னு தெரியாதா எனக்கு?"

சாயங்காலம் அவர் கதவைத் திறந்தபோது சோபாவில் மறுபதிப்பு சாய்ந்திருந்தது. அசல் இல்லை.

நர்ஸ் மேல் தப்பே இல்லை. அந்த மறுபதிப்பு, தொழிற்சாலையிலேயே அடிபட்ட மாதிரி செய்து விற்கப்பட்ட வகை. கை படுகிற இடமெல்லாம் வண்ணத்தைச் சுரண்டி, திருகுகளில் துரு ஏற்றி, பின்பக்கம் பெல்ட் பக்கிள் கீறலெல்லாம் போட்டிருந்தார்கள். அசலோ, ஓட்டல் வாத்தியக்காரர் உறைபோட்டு வளர்த்தது; இவர் தினமும் துடைத்துத் துடைத்து வைத்தது. பளபளவென்று இருக்கும். நாள் முழுக்கப் புதுசைப் பழசாகக் காட்டிப் பிழைக்கிற மனுஷனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அவருக்கு அவை கண்ணால் பார்க்கிற பொருட்களே இல்லை.

நர்ஸ் முகம் சுண்டிப்போனது. "அண்ணா, அதுல பாதி பெயிண்டே இல்ல. இதைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?"

"நியாயம்தான்மா. நான்தான் சரியாச் சொல்லல."

அன்று கிட்டார் வாங்கிய பெண் ஃபோனை எடுக்கவில்லை; மேடையில் இருந்திருப்பாள். மறுநாள் காலையில் எடுத்தாள்.

"அட, மாறிப் போச்சா? அதான பாத்தேன். வாங்க சார், மாத்திக்கலாம்."

"வாசிச்சீங்களா அதுல?"

"நேத்தே மேடை ஏத்தியாச்சே. சும்மா சொல்லக் கூடாது, அட்டகாசம்."

இன்னொரு கேள்வி அவர் நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மறுபதிப்பைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். கம்பிகளைத் தொட்டிருக்க மாட்டாள். ஒரே நாள்தானே. வாங்கிய அன்றே யார் கம்பி மாற்றுவார்கள்? மறுபதிப்பை வாங்கியதும் தானே மாற்றியது ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டயர் கடை மாடியில் அவளுடைய ஒத்திகை அறை. நாற்பது வயதிருக்கும்; கைலியும் கண்ணாடியுமாக இருந்தாள். அசல் ஸ்டாண்டில் நின்றது. வாசலில் இருந்தே தெரிந்தது. நாலு கம்பிகளும் வெள்ளி மாதிரி மின்னின.

"கம்பி..." என்றார்.

"மாத்திட்டேன் சார். அடுத்தவங்க கை பட்ட கம்பியில நான் வாசிக்கமாட்டேன், அது ஒரு கிறுக்கு. அதுவும் அது என்ன கம்பி, செத்துப்போன கம்பி."

"பழசு இருக்கா? குப்பையில இருந்தாலும் பரவாயில்ல."

"கட்டிங் பிளேயரால நடுவுல வெட்டித்தானே கழட்டுனேன்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க சார். என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். ஓட்டல் வாத்தியக்காரர், அக்கா, 'இன்னும் வரல' எல்லாம். யாரிடமும் இவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை. கீழே யாரோ டயரில் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நீங்க கொண்டுவந்ததுல இருக்கிற கம்பியைக் கழட்டி இதுல போட்டா?"

"ஊறிப்போன கம்பி. பிரிச்சு மறுபடி முறுக்கினா சுருதி ஆணிகிட்ட அறுந்துடும். அறுந்தா அதுவும் போச்சு."

அசலை மடியில் வைத்துக்கொண்டார். பிடித்ததுமே கைக்குத் தெரிந்தது. அதே கழுத்து, அதே கனம். ஞாயிற்றுக்கிழமை வரியை வாசித்தார். தகரத்தில் மழை விழுந்த மாதிரி இருந்தது. நல்ல சத்தம்தான். மேடைக்கு ஏற்ற சத்தம். பாதியிலேயே நிறுத்தி அதை ஸ்டாண்டில் வைத்தார்.

"இதை நீங்களே வெச்சுக்கங்க. நான் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

"சார், விளையாடாதீங்க. இது அசல். நீங்க எனக்கு வித்தது மறுபதிப்பு. இதோட மதிப்பு என்னன்னு எனக்குத் தெரியும், ஏமாத்துன மாதிரி ஆயிடும்."

"எனக்கு வேண்டியது அதுல இல்லம்மா இப்போ. இருந்தா இதுல இருக்கணும்." பெட்டியைத் தட்டினார். "இருக்கான்னு தெரியாது."

"வாசிங்களேன், நான் கேட்டுச் சொல்றேன்."

"எதோட ஒப்பிட்டுச் சொல்லுவீங்க?"

அவளும் கூடவே எழுந்தாள். படி இறங்கும் வரை பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "எப்ப வேணும்னாலும் வந்து கேளுங்க சார், குடுத்துடறேன்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

வீட்டு மாடிப்படியில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள், ட்யூட்டிக்குக் கிளம்பின கோலத்தில். பெட்டியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தாள்.

"இது அந்தப் பெயிண்ட் போனதாச்சே. மாத்திக் கொடுக்கலையா?"

"கொடுத்தாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"என்மேல கோவமாண்ணா?"

"சேச்சே. இதுவும் நல்லதுதாம்மா."

அவள் நம்பவில்லை. ஆனாலும் போகாமல் நின்றாள். "வேணும்னா ஞாயித்துக்கிழமை நான் வந்து உக்கார்றேன். உங்க அக்கா உக்காருவாங்கல்ல, அந்த மாதிரி. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"வாங்கம்மா" என்றார். எதை வைத்துக் கேட்பது என்று அவளிடம் சொல்லவில்லை. மற்ற இரண்டு ஜோடிகளிலும் அசல் மட்டும்தான் மிச்சம். இதில் மறுபதிப்பு மட்டும். வீட்டில் எதற்கும் எதிர்ப்பக்கம் இல்லை.

அவள் செருப்புச் சத்தம் தெருவில் போய்க் கரைந்தது. கதவைச் சாத்திவிட்டு, மறுபதிப்பை எடுத்துக்கொண்டு, அக்கா உட்காருகிற இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வரியை ஒருமுறை வாசித்தார். வந்துவிட்டது போலத்தான் இருந்தது. இன்னொரு முறை வாசித்தார். இல்லை போலவும் இருந்தது. வெளிச்சம் மங்குகிற வரை அதையே வாசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து போய்ச் சோறு வைத்தார்.